சகலை வண்டியின் எல்.எஸ். ஆக்சில்

என் சகலையின் வண்டி சேற்றில் மாட்டவில்லை என்பதுதான் அந்த வருட மழைக்காலத்தில் எனக்கு இருந்த பெரிய கவலை. என் வண்டி மாட்டிக்கொண்டதைவிட அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் இருவரிடமும் ஆளுக்கு ஒரு சின்ன லாரி இருந்தது. சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நாங்குநேரிக்காரர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். எங்கள் மாமனாருக்குக் கல்லிடைக்குறிச்சியில் வாழைத்தார் வியாபாரம். ஆற்றுப்பாசனத் தோட்டங்களைப் பூ விடும்போதே பேசி முடித்துவிடுவார். தார் விளைந்ததும் வெட்டி, திருநெல்வேலி டவுணுக்கும் கேரளத்துக்கும் அனுப்புவார். தோட்டத்துக்குள்ளிருந்து தாரை வெளியே கொண்டுவருவது எங்கள் வண்டிகளின் வேலை.

மாமனாரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தோட்டத்தில் வெட்டு தொடங்கும் நாளில் முதல் தாரைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து, முன்னால் நிற்கும் வண்டியில் ஏற்றுவார். அந்த வண்டிக்கு 'முதல் வண்டி' என்று பெயர். எனக்குக் கல்யாணமானது முதல் என் வண்டிதான் முதல் வண்டி. அதில் தனியாக ஒரு லாபமும் கிடையாது. ஆனால் அவர் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு என் வண்டியை நோக்கி நடந்து வரும்போது எனக்கு ஒரு மாதிரி நெஞ்சு நிமிரும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். எனக்கென்று இருந்த மரியாதை அந்த ஒன்றுதான்.

சகலை வண்டி வாங்கி வந்த முதல் ஐப்பசியிலேயே அது போயிற்று.

கால்வாய்க் கரையை ஒட்டிய ஒரு தோட்டம். இரண்டு நாள் மழை. பாதி லோடு ஏற்றிக்கொண்டு வந்த என் வண்டி, தோட்டத்து வாசலுக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் நின்றுவிட்டது. இடதுபக்கப் பின் சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது. வலதுபக்கச் சக்கரம் நல்ல தரையில், ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நின்றது. பின்னால் வந்த சகலை ஹாரன்கூட அடிக்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் ஒடித்து, என் வண்டிக்குப் பக்கத்திலேயே, அதே பள்ளத்தின் வழியாக, ஒரே சீராகப் போய் மேலே ஏறிவிட்டார். போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். அது கேலிச் சிரிப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

ஆட்கள் கயிறு கட்டி என் வண்டியை இழுத்தார்கள். நான் கட்டியிருந்த சாரம் இடுப்பு வரை சேறு. அவர் சாரத்தில் ஒரு பொட்டு சேறு இல்லை.

அடுத்த தோட்டத்தின் வெட்டு அன்று மாமனார் என்னிடம், "மாப்ள, நீங்க ஒரு ஓரமா பைய நில்லுங்க. மழ கெடக்குல்லா. சின்ன மாப்ள வண்டி முன்னால போவட்டும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். முதல் தாரைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து போனார்.

அன்று மத்தியானம் மாமனார் வீட்டில் சாப்பாடு. மாமியார் சின்ன மருமகனிடம், "அப்படி என்னதான் இருக்கு ஒங்க வண்டில?" என்று கேட்டார்கள்.

"எல்.எஸ். ஆக்சில் அத்தே. மலமேல எஸ்டேட்டுல ஓடுன வண்டில்லா. அங்கன சாதா ஆக்சில் போட்டா ஏற முடியாது. வித்தவரே சொன்னாரு, இதுல எல்.எஸ். இருக்கு, கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்கன்னு."

எனக்குத் தெரிந்த எல்.எஸ்., பஸ் கண்ணாடியில் எழுதியிருக்கும் லிமிடெட் ஸ்டாப் மட்டும்தான். ஆக்சிலுக்கும் ஸ்டாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. கேட்கவும் மனமில்லை. கேட்டால் அவர் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தந்து நான் தெரிந்துகொள்வதா என்று ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். அவர் வண்டி போட்ட தடத்தில்தான் என் வண்டி போகவேண்டும். அவர் வண்டித் தொட்டியின் பின்பலகையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அந்தப் பலகையில் இருந்த ஒவ்வொரு கீறலும் எனக்கு மனப்பாடம். இரவில் படுத்தால் என் மனைவி, "தங்கச்சி வீட்டுக்காரரு வண்டி நல்ல வண்டிதான் என்ன" என்பாள். நான் தூங்குவதுபோல் கிடப்பேன்.

கார்த்திகை முடிந்ததும் வண்ணார்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிடப் பெரியவர். யாராக இருந்தாலும் 'வே' போட்டுத்தான் பேசுவார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"லிமிடெட் ஸ்டாப்பா? வண்டி என்ன பாவநாசம் போவுதா, சேரன்மாதேவியில மட்டும் நின்னு போவதுக்கு? அது லிமிடெட் ஸ்லிப்புவே."

பிறகு ஒரு பழைய ஆக்சிலை இழுத்துப் போட்டு விளக்கினார். பின் ஆக்சிலின் நடுவில் பானைபோலப் புடைத்திருக்கும் பாகத்துக்குள் சில பல்சக்கரங்கள் இருக்கின்றன. வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பவை அவைதான். தார் ரோட்டில் இது நல்ல ஏற்பாடு. சேற்றில் அதுவே வினை. ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் அது மட்டும் சுற்றும், மற்றது நின்றுவிடும். எல்.எஸ். என்பதில் அந்தப் பல்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் தகடுகளை அடுக்கி அழுத்தி வைத்திருப்பார்கள். ஒரு சக்கரம் தனியாக ஓட நினைத்தால் தகடுகள் ஒன்றோடொன்று உரசி அதைப் பிடித்து நிறுத்தி, மற்றச் சக்கரத்துக்கும் விசையைக் கொடுக்கும்.

"இது ஒரு வகை. இன்னொண்ணு லாக்கு. அதப் போட்டா ரெண்டு சக்கரமும் ஒரே கம்பி மாதிரி சேந்து சுத்தும். சேத்துக்கு அத மிஞ்ச ஒண்ணும் கெடையாது. ஆனா அதப் போட்டுக்கிட்டு டவுண்ல ரத வீதி திரும்புனீர்னா டயரு தேயும், இல்லன்னா ஆக்சில் முறியும். சேத்துல ஓட்டுதது வருசத்துல எத்தன நாளு? தார் ரோட்டுல எத்தன நாளு? அத சொல்லும் மொதல்ல."

"சகலை வண்டில எது இருக்கோ, அதவிட நல்லதா வேணும்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஒமக்கு இது வண்டிக்கு வேணுமா, ஆளுக்கு வேணுமா?"

நான் தரையில் கிடந்த பழைய ஆக்சிலைக் குனிந்து பார்த்தேன்.

சகலை வண்டியில் இருப்பது தகடு வகையா, லாக்கா என்று எனக்குத் தெரியாது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். மற்றச் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதா ஆக்சில். அதே பக்கம் சுற்றினால் உள்ளே ஏதோ இருக்கிறது. கஷ்டப்பட்டாவது ஒன்றை மட்டும் தனியாகத் திருப்ப முடிந்தால் தகடு. முடியவே முடியாது என்றால் லாக்கு.

மாட்டுப் பொங்கலன்று அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. எல்லோரும் மாமனார் வீட்டில் கூடியிருந்தோம். சகலையும் மாமனாரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். சகலையின் வண்டி வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. அவர் அப்படிப்பட்ட ஆள். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, ஆக்சில் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். இந்தப் பக்கம் நான் சுற்றினால் அந்தப் பக்கம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். மனைவியைக் கூப்பிட்டேன். கோல மாவுக் கையோடு வந்தாள்.

"அவரு வண்டிய நீங்க எதுக்குத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"அந்தப் பக்கம் போயி நில்லு. சக்கரம் எப்படிச் சுத்துதுன்னு பாத்துச் சொல்லு. அவ்வளவுதான்."

"அவரு வந்தப்புறம் கேட்டுட்டு சுத்துனா என்ன?"

"போ சொல்லுதேன்."

போய் நின்றாள். வண்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. நான் என் பக்கத்துச் சக்கரத்தை வலமாகச் சுற்றினேன், கடிகார முள் போகிற மாதிரி.

"சுத்துதா?"

"சுத்துது."

"எந்தப் பக்கமா?"

கொஞ்சம் யோசித்தாள். "வலமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாத்தான் பாக்கேன். கோயில்ல சுத்துத மாதிரி வலமாத்தான் சுத்துது. நம்பிக்க இல்லன்னா நீங்களே வந்து பாருங்க."

நானும் வலம், அங்கேயும் வலம். ஒரே பக்கம். அப்படியானால் உள்ளே இருக்கிறது. லாக்கா தகடா என்று பார்ப்பதற்குள் தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவசரமாக ஜாக்கியை இறக்கினேன். ஈரத் துண்டோடு வந்த சகலை என்னை வண்டிக்கு அடியிலிருந்து எழும்போது பார்த்துவிட்டார்.

"என்னண்ணே?"

"ஸ்பிரிங் பட்டை லூசா கெடந்த மாதிரி இருந்துது. அதான் பாத்தேன்."

"அடடே. நல்ல நாளும் அதுவுமா என் வண்டிக்குப் போயி ஒங்க வேட்டிய அழுக்காக்கிட்டீங்களே" என்று குனிந்து என் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் துண்டாலேயே தட்டிவிட்டார். என் மனைவி வீட்டுக்குள் போய்விட்டாள்.

தை கடைசியில் மெக்கானிக்கும் நானும் தூத்துக்குடிக்குப் போனோம். கப்பலில் வரும் பழைய இரும்பைப் பிரித்து விற்கிற இடம் அது. என் வண்டி ஜப்பான்காரர்கள் கூட்டில் இங்கே செய்தது. அதே ஜாதி வண்டிகளின் ஆக்சில் சாமான்கள் அங்கே வருவதுண்டு. கடைக்காரர் ஒரு சாக்கை விலக்கி மூன்று எல்.எஸ். காட்டினார். ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் அளவுக்குத்தான் இருந்தது, தூக்கினால்தான் கனம் தெரிந்தது.

மெக்கானிக் ஒன்றை எடுத்து வைஸில் இறுக்கினார். அதற்குள் ஒரு துண்டு ஆக்சிலைச் செருகி, கம்பி போட்டு, "நீரே திருப்பிப் பாரும்" என்று என்னிடம் கொடுத்தார். முதலாவது வெளியில் பளபளவென்று இருந்தது. ஆனால் ஒரு கையால் தள்ளியதும் சுலபமாகத் திரும்பியது. தகடு தேய்ந்துவிட்டது என்றார், வேண்டாம். இரண்டாவதை இரண்டு கையாலும் அழுத்தித் திருப்ப வேண்டியிருந்தது. சீராக, ஒரே கனத்தில் திரும்பியது. மூன்றாவது துருப்பிடித்திருந்தது. கம்பியின்மேல் என் முழு எடையையும் போட்டால்தான் 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு அசைந்தது.

"ரெண்டாவத எடும்" என்றார்.

"மூணாவதுதான இறுக்கமா இருக்கு அண்ணாச்சி?"

"இறுக்கம் கூடுனா கொணம் கூடும்னு யாரு சொன்னா? இது ரொம்பப் பிடிக்கும். திரும்பயில முனகும். சரிவுல ரெண்டு சக்கரமும் ஒண்ணா வழுக்கும் பாத்துக்கிடும். சாதா ஆக்சில்ல ஒரு சக்கரம் சுத்துனாலும் இன்னொண்ணு தரையப் பிடிச்சிக்கிட்டு நிக்கும். இதுல அந்தப் பிடியும் போயிரும். ஒம்ம கால்வாய்க் கரைக்கு ரெண்டாவதுதான் சரி."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன். சகலையின் வண்டியில் இருப்பது இந்த இரண்டாவது மாதிரி இருந்தால்? அதே இறுக்கம் உள்ளதை வாங்கிப் போட்டால் நானும் அவரும் ஒன்றாகிவிடுவோம். அவருக்குச் சமமாக இருப்பது எனக்குப் போதாது. மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மாட்டி முடித்து, தகடு வகைக்கென்று உள்ள தனி ஆயிலும் ஊற்றியாயிற்று. அப்படியும் டவுணில் வாகையடி முக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து மாடு முனகுவதுபோல் சத்தம் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மழை எப்போது வரும் என்று காத்திருந்தேன். வாழை வியாபாரி வீட்டு மாப்பிள்ளை மழைக்குக் காத்திருந்தது அந்த ஒரு வருடம்தான் இருக்கும்.

ஐப்பசியில் மழை வந்தது. அதே கால்வாய்க் கரைத் தோட்டத்தில் முதல் வெட்டு அன்று, யாரும் சொல்லாமலே என் வண்டியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமனார் தடுக்கவில்லை. ஆனால் தாரையும் தூக்கவில்லை. "மொதல்ல உள்ள போயி, வெறும் வண்டியா ஒரு சுத்து வந்து காட்டுங்க" என்றார்.

உள்ளே போனேன். பள்ளத்தை ஒரு முக்கலும் இல்லாமல் தாண்டினேன். கண்ணாடியில் பார்த்தேன், சகலை கைதட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது கால்வாய்க் கரையில் சாய்ந்த இடம் ஒன்று வந்தது. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே நேரத்தில் வழுக்கின. மெக்கானிக் சொன்னபடியே, அச்சுப் பிசகாமல் நடந்தது. வண்டியின் பின்பக்கம் பைய, மெத்தென்று, கால்வாயை நோக்கி இறங்கியது. ஒரு கருவேல மரம் தடுத்திருக்காவிட்டால் வண்டி தண்ணீருக்குள்தான்.

சகலைதான் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தன் வண்டியில் கட்டி இழுத்து என்னை மேலே கொண்டுவந்தார். "அண்ணன் வண்டி குளிக்கப் போவுதுன்னுல்லா நெனச்சேன்" என்றார். தார் வெட்டுகிற ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர், "சோப்பு கொண்டாந்தீங்களா மொதலாளி?" என்று கேட்டார். மாமனார் முதல் தாரைச் சின்ன மாப்பிள்ளை வண்டியில் ஏற்றினார்.

வண்ணார்பேட்டையில் மெக்கானிக் 'சொன்னேம்லா' என்றுகூடச் சொல்லவில்லை. சாமானைப் பிரித்து, தகடுகளின் அழுத்தத்தைக் குறைத்துப் போட்டுத் தந்தார். அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடியது. முனகலும் நின்றது. ஆனால் முதல் வண்டி சகலையுடையதுதான். எனக்கு இன்னொரு தடவை முன்னால் போய் நிற்கத் தைரியமில்லை.

பத்து நாள் கழித்து மெக்கானிக் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சகலையின் வண்டி அங்கே நின்றது. ஆக்சிலில் ஆயில் கசிகிறது என்று, என் பெயரைச் சொல்லி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆக்சில் பிரிந்து கிடந்தது.

"உள்ள பாரும்."

பார்த்தேன். என் பழைய ஆக்சிலில் இருந்த அதே நாலு பல்சக்கரங்கள். தகடு ஒன்றுகூட இல்லை.

"எல்.எஸ்.சும் இல்ல, ஒரு எழவும் இல்ல. வித்தவன் அளந்திருக்கான், இவன் நம்பியிருக்கான்."

"நான் சுத்திப் பாத்தேனே அண்ணாச்சி. இந்தப் பக்கமும் வலம், அந்தப் பக்கமும் வலம்."

"அந்தப் பக்கம் யாரு பாத்தா?"

"என் வீட்டுக்காரி. அங்கன நின்னு பாத்தா."

அவர் சுவரில் தொங்கிய ஒரு பழைய ஸ்டியரிங்கை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துச் சுற்றினார். "ஒமக்கு எப்படித் தெரியுது?" "வலம்." "இப்ப நான் நிக்கித எடத்துக்கு வாரும்." போய் நின்று பார்த்தேன். இடமாகச் சுற்றியது. "எதிர எதிர நின்னு பாத்தா, ஒரே பக்கம் சுத்துதது ஒருத்தருக்கு வலமாவும் ஒருத்தருக்கு இடமாவும்லா தெரியணும்? ரெண்டு பேருக்கும் வலம்னா சக்கரம் எதிர் எதிரா சுத்தியிருக்குன்னு அர்த்தம். சாதா ஆக்சில்தான்னு வண்டி அன்னைக்கே சொல்லியிருக்கு. புருசனும் பொஞ்சாதியுமா நின்னு அத எல்.எஸ். ஆக்கிட்டிய."

"அப்ப அவரு சேத்துல எப்படி வாராரு?"

"எப்படி வாரான்? உள்ள எல்.எஸ். இருக்குன்னு நம்பி வாரான். சேத்தப் பாத்ததும் நீரெல்லாம் ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுப்பீரு. அவன் எடுக்க மாட்டான். ரெண்டாவது கியர்ல, ஒரே சீரா, எங்கயும் நிறுத்தாம வந்துருதான். வேகம் கொறையாம வந்தா சேறு என்ன செய்யும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அவன்ட்ட இத சொல்லாதேயும். நல்லா ஓட்டுத பய. கெடுத்துராதேயும்."

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவரிடம் அது இல்லை, என்னிடம் இருக்கிறது. ஆனால் வந்தது முன்னைவிடப் பெரிய எரிச்சல். இரும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த வரை, அதை வாங்கிப் போட்டால் தீரும் என்று ஒரு வழி இருந்தது. இப்போது அந்த ஆளையே பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தது. அதற்குத் தூத்துக்குடியில் சாமான் கிடைக்காது.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாவது நாள் மாமனார் முதல் தாரோடு மறுபடியும் என்னைத் தாண்டிப் போனார். லோடு ஏறிக்கொண்டிருந்தபோது சகலையை ஒரு வாழை நிழலுக்குக் கூப்பிட்டேன்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க. ஒங்க வண்டில எல்.எஸ். இல்ல. பிரிச்சப்ப நானே பாத்தேன். சாதா ஆக்சில்தான்."

"மெக்கானிக் ஒண்ணும் சொல்லலியேண்ணே."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லியிருக்க மாட்டாரு."

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். நன்றாக ஞாபகமிருக்கிறது, ஏதோ வேறு ஆளுடைய வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப இத்தன நாளா நான் எப்படிண்ணே வந்தேன்?"

மெக்கானிக் எனக்குச் சொன்ன பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நீங்கள் நல்ல டிரைவர், காலை எடுக்காமல் ஓட்டுகிறீர்கள் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும்.

"அதிர்ஷ்டந்தான் தம்பி" என்றேன்.

அடுத்த மழை நாலைந்து நாளில் வந்தது. அவர் வண்டி முன்னால், என்னுடையது பின்னால். தோட்டத்து வாசல் பள்ளம் வந்ததும் அவர் இஞ்சின் சத்தத்தைக் கவனித்தேன். இதற்கு முன் அந்த இடத்தில் அது ஒரு தடவைகூட மாறியதில்லை. அன்று தாழ்ந்தது. காலை எடுத்துவிட்டார். மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் எடுத்தார். இடதுபக்கச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வலது சக்கரம் நின்றது. வண்டி உட்கார்ந்தது.

நான் அவர் வண்டிக்குப் பக்கத்தாலேயே ஓட்டி, எல்.எஸ். பிடித்த பிடியில் வெளியே வந்து, கயிறு போட்டு அவரை இழுத்துவிட்டேன். இந்தத் தடவை ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சாரமெல்லாம் சேறு. அந்த மாதத்தில் இன்னும் மூன்று தடவை அவர் வண்டி மாட்டியது. மூன்றாவது தடவைக்குப் பிறகு மாமனார், "பெரிய மாப்ள, நீங்க முன்னால வாங்க" என்றார். தாரைத் தூக்கிக்கொண்டு என் வண்டியை நோக்கி நடந்து வந்தார். நான் நெஞ்சு நிமிரக் காத்திருந்தேன். குளிர்தான் எடுத்தது, நனைந்திருந்தேன்.

தை மாதம் சகலை என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, இந்த விஷயத்துல ஒங்களுக்குத்தான் தெரியும். எனக்கும் ஒரு எல்.எஸ். பாத்துத் தாங்க. நீங்க எத எடுக்கச் சொல்லுதீங்களோ அத எடுக்கேன்."

பார்க்கிறேன் என்றேன். மறுவாரம் வண்ணார்பேட்டைக்குப் போனேன். மெக்கானிக் யாருக்கோ வாங்கி, அந்த ஆள் வராமல் கிடந்த ஒன்று பெஞ்சுக்கு அடியில் இருந்தது. தூத்துக்குடியில் நான் வேண்டாம் என்ற அந்த இரண்டாவது மாதிரியேதான். கம்பி போட்டுத் திருப்பிப் பார்த்தேன். சீரான கனம். நல்ல சாமான். "சகலைக்கா?" என்று கேட்டார். "சும்மா பாத்தேன்" என்றேன்.

"கெடைக்கல தம்பி" என்று மறுபடி வந்த சகலையிடம் சொன்னேன். வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி, "நெசமாவே கெடைக்கலியா?" என்று கேட்டாள். "கெடைக்கல" என்று அவளிடமும் சொன்னேன்.

அவர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வாழையை விட்டார். நாங்குநேரிக்கே போய், நெடுஞ்சாலையில் செங்கல்லும் சிமெண்டும் அடிக்க ஆரம்பித்தார். தார் ரோட்டுக்கு எல்.எஸ். எதற்கு. சாதா ஆக்சிலே போதும். நாலு வருடத்தில் வண்டி இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று. நான் மாமனாரின் முதல் வண்டியாக, ஐப்பசிக்கு ஐப்பசி சேற்றுக்குள் போய்வந்துகொண்டிருந்தேன். அவர் வெள்ளை வேட்டியோடு விசேஷங்களுக்கு வரும்போது அவர் வண்டி டயர்களைப் பார்ப்பேன். ஒரு பொட்டு சேறு இருக்காது. அதையும் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

போன வருடம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் என்னை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, சகலையும் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பெரியவர் பேச்சுவாக்கில், "நீங்க வாழைத் தோட்டத்துக்கெல்லாம் ஓட்டலியா?" என்று அவரிடம் கேட்டார்.

"கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்தேன். எனக்குச் சேத்துல வண்டி ஓட்ட வராது. ஏதோ அதிர்ஷ்டத்துல ஒரு வருசம் ஓடிச்சி. அதுக்கெல்லாம் அண்ணன் மாதிரி கை வேணும்" என்று சகலை என் பக்கம் கையைக் காட்டினார்.

பெரியவர் என்னை மரியாதையோடு பார்த்தார். பரிமாறுகிறவர் பாயசத்தோடு வந்து நின்றார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே, போதும் என்று கையைக் காட்டினேன்.